40 செ.மீ. கிழிசல், 28 மரக்கட்டைகள்

2024 டிசம்பர் 1, கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் அட்வெந்து காலத்தின் முதல் ஞாயிறு. காலை ஆறரை மணிக்கு எங்கள் விடுதிச் சிற்றாலயத்தில் திருவிருந்து மேசை மேல் வெள்ளை விரிப்பைப் போட்டோம். அதன் கிழக்கு மூலையில் இருப்பது புது லேஸ் என்று தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். கிட்டே போய்க் குனிந்து பார்த்தால் நிறம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

ஜூலையில் தொடங்கிய வேலை இது. ஐந்து மாதம், 1,306 ரூபாய், பின்னலுக்கு மட்டும் சுமார் 32 மணி நேரம். நம் பக்கத்துக் கோயில்களில் இப்படிப் பழைய லேஸ் வைத்த விரிப்புகள் இன்னும் இருக்கின்றன. கிழிந்ததும் பழையதை வெட்டி எறிந்துவிட்டு கடை லேஸ் வாங்கித் தைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்ய மனமில்லாத யாருக்காவது இது உதவட்டும் என்று எழுதுகிறேன். எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது வேலையோடு சேர்ந்தே நடந்ததால் அதைத் தனியாகப் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நான் பாளையங்கோட்டையில் எம்.எஸ்ஸி. கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஊர் சாத்தான்குளம் பக்கம். ஞானஸ்நானம், ஞாயிறு பள்ளி, திடப்படுத்தல் எல்லாம் முறைப்படி ஆனவள். 2019-இல் அப்பா இறந்த அன்று எங்கள் வீட்டுச் சங்கக் காணிக்கை, அதாவது கோயிலுக்குக் குடும்பம் கட்டும் சந்தா, மூன்று வருடம் பாக்கி இருந்தது. அதைக் கட்டி ரசீது காட்டினால்தான் கல்லறைத் தோட்டத்தில் குழி தோண்டலாம் என்று சொல்லிவிட்டார்கள். நடுவீட்டில் அப்பா. சித்தப்பா மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடன் கேட்டு மூன்று வீடு ஏறி இறங்கினார். சாயங்காலம் அடக்கம் நடந்தது. அம்மா அடுத்த ஞாயிறே கோயிலுக்குப் போனார். நான் போகவில்லை. ஐந்து வருடம் போகவில்லை. விடுதியில் ஜெபமணி அடித்தால் குளியலறைக்குத் துணி எடுத்துக்கொண்டு போய்விடுவேன்.

விரிப்பு என்னிடம் வந்தது தையலுக்காக. அம்மா தையல்காரர், எனக்கும் கை வரும் என்று விடுதிக்கே தெரியும். சிற்றாலயப் பொறுப்பில் இருந்த இளநிலை மாணவி ஜூலை முதல் வாரம் ஒரு பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து என் கட்டிலில் வைத்தாள். "அக்கா, உங்களக் கூப்பிட வரல. இத மட்டும் தச்சுக் குடுங்க" என்றாள். கூப்பிட வரவில்லை என்று அவள் சொன்னதால்தான் வாங்கிக்கொண்டேன்.

முதலில் அளவுகள். விரிப்பு 2.6 மீட்டருக்கு 1.2 மீட்டர், கனமான பருத்தி. சுற்றிலும் 4.5 செ.மீ. அகல லேஸ். கிழக்கு மூலையில் நீளவாக்கில் 27 செ.மீ., அகலவாக்கில் 13 செ.மீ., மொத்தம் 40 செ.மீ. ஓரத்தில் லேஸ் பிய்ந்து தொங்கியது. பாதியைக் காணவே காணோம். மெழுகுவர்த்தித் தண்டு நின்ற இடத்தில் இரண்டு துருக்கறைகள், பத்துப் பைசா அளவு. ஆங்காங்கே மெழுகு.

மெழுகு சுலபம். பனிக்கட்டி வைத்து இறுக வைத்து, நகத்தால் சுரண்டி, மேலும் கீழும் மல் துணி வைத்து மிதமான சூட்டில் இஸ்திரி போட்டதும் துணி உறிஞ்சிக்கொண்டது.

துருவில்தான் முதல் தவறு. வெள்ளைத் துணிதானே என்று பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரில் கறை பட்ட இடத்தை மட்டும் பதினைந்து நிமிடம் ஊறவைத்தேன். கறை போகவில்லை; இளஞ்சிவப்பாக இருந்தது அடர்பழுப்பு ஆனது. குளோரின் துருவை நீக்காது, இன்னும் நன்றாகப் பிடிக்க வைத்துவிடும். அதோடு அந்த இடத்தில் இழையும் நொய்ந்துபோனது. பிறகு எலுமிச்சைச் சாறும் கல்லுப்பும் அரைத்துத் தடவி, மொட்டை மாடியில் வெயிலில் இரண்டு மணி நேரம் போட்டு அலசினேன். மூன்று நாள் மூன்று முறை. எலுமிச்சை முப்பது ரூபாய்க்கு ஆனது. ஒரு கறை முழுதும் போயிற்று. மற்றதன் நடுவில் 2 மி.மீ. ஓட்டை விழுந்துவிட்டது. அதை நூல் குறுக்கும் நெடுக்கும் ஓட்டி அடைத்தேன். பிளீச்சிங் பவுடரைத் தொடாமல் இருந்திருந்தால் அந்த ஓட்டை வந்திருக்காது.

லேஸைப் பார்த்ததும் குரோஷா என்று நினைத்தேன். ஊக்கும் நூலுமாக 140 ரூபாய்க்கு வாங்கி, மூன்று இரவு உட்கார்ந்து 10 செ.மீ. போட்டேன். பக்கத்தில் வைத்தால் சம்பந்தமே இல்லை. குரோஷா ஒரே நூலில் கண்ணி கண்ணியாக ஏறும், தடித்து நிற்கும். பழையது தட்டையாக, நெய்த துணி மாதிரி இருந்தது. பிய்ந்த முனையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோதுதான் ஒரே இடத்திலிருந்து பல நூல்கள் தனித்தனியாகப் பிரிவது தெரிந்தது. ஊசி வைத்து எண்ணினேன்: 28 நூல்.

விடுதிச் சமையல் அக்காவுக்குச் சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். சாப்பாட்டு மேசையில் நான் அதை விரித்து வைத்திருந்ததைப் பார்த்து, "இது தலகாணியில போடுற லேஸ் மோளே, எங்க அம்மைக்குத் தெரியும். கட்ட கட்டயா தொங்கும்" என்றார். அதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை. நாகர்கோவிலுக்கு அந்தக் கைவேலையைக் கொண்டுவந்தவர் மார்த்தா மால்ட், லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டின் மனைவி. 1820-களில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி வைத்து லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவருடைய மகள் எலைசா ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்தபோது தாயிடம் கற்ற வேலையையும் கொண்டுவந்தார். கால்டுவெல் என்றால் 1856-இல் வந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் நம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. எலைசாவின் பெயரை நான் அதில் பார்த்ததில்லை. எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது. அந்த அம்மாள் சொல்லிக்கொடுத்த வேலையால் எத்தனையோ வீட்டில் அடுப்பு எரிந்திருக்கிறது.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை நானும் அந்த இளநிலை மாணவியும் திசையன்விளை போய், அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் இடையன்குடி போனோம். போக வர இருவருக்கும் 130 ரூபாய். தேரி என்கிற செம்மணல் மேடு, பனை, நடுவில் 1880-இல் பிரதிஷ்டை ஆன அந்தப் பெரிய கோயில். விசாரித்ததில் முன்னாளில் லேஸ் போட்ட ஒரு பாட்டியைக் காட்டினார்கள். கண் பார்வை மங்கிவிட்டது. தலையணையும் கட்டைகளும் கறையான் அரித்துப் போய்விட்டனவாம். விரிப்பின் மூலையை அவர் கையில் கொடுத்தேன். விரலால் தடவிக்கொண்டே வந்து, "ரேந்தை" என்றார். அந்தச் சொல்லை அன்றுதான் கேட்டேன். "விசிறி ஓரம். பதினாலு ஜோடி. தலகாணி கல்லு மாதிரி இருக்கணும்ட்டி, அதுதான் முக்கியம்" என்றார். பார்க்காமலே எண்ணிக்கையைச் சரியாகச் சொன்னார்.

தலையணை செய்யும் முறை, நூல் சுற்றும் முறை, இரண்டே அசைவுகள். இவற்றை இரண்டு மணி நேரம் எனக்கு வாயால் சொல்லிக்கொடுத்தார். எட்டுப் பென்சில்களில் நூல் கட்டி, அவர் மடியில் வைத்த ஒரு சாதாரணத் தலையணை மேல் செய்து காட்டினேன். அவர் கையை வைத்துப் பார்த்து, தப்பு வந்த இடத்தில் என் விரலை நிறுத்தினார்.

அவர் சொன்ன ஒரு விஷயம் பின்னாடி நான் நூலகத்தில் தேடிப் படித்ததோடு ஒத்துப்போனது. தெற்குத் திருவிதாங்கூரில் அடிமைகளாக இருந்த பெண்கள் சிலர் இந்த லேஸ் பின்னி வந்த கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கியிருக்கிறார்கள். அங்கே அடிமைமுறை ஒழிந்தது 1855-இல்தான். பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு ரசீது ஞாபகம் வந்தது. அன்று அப்பாவுக்காக நாங்கள் கட்டிய பணமும் கோயில் பெயரால் வாங்கியது. இந்தப் பெண்கள் ஈட்டிய பணமும் கோயில் வளாகத்தில் ஈட்டியது. இரண்டும் ஒரே கோயிலா என்று வள்ளியூர்க்காரர்கள் பேசிக்கொண்டு வந்த சத்தத்துக்கு நடுவில் யோசித்துக்கொண்டே வந்தேன். பதில் வரவில்லை. ஆனால் அந்தப் பெண்கள் என் பக்கம் இருப்பதாகத் தோன்றியது.

தலையணை. 45 செ.மீ. நீளம், 18 செ.மீ. குறுக்களவு உருளை. உள்ளே இலவம் பஞ்சு அடைத்தேன், பாட்டி சொன்னதை மறந்து அல்ல, கையில் பழைய தலையணை இருந்தது என்பதால். குண்டூசி குத்தினால் சாய்ந்தது. நூலை இழுத்தால் ஊசியும் கூடவே வந்தது. இரண்டு நாள் வீண். பிறகு சாக்கைக் குழாயாகத் தைத்து, மர அறுவை மில்லில் இலவசமாகக் கிடைத்த மரத்தூளைச் சலித்து, ஒவ்வொரு பிடியாகப் போட்டு உலக்கைப் பூண் பக்கத்தால் இடித்து இறுக்கினேன். முடிவில் நாலரைக் கிலோ. தட்டினால் டொக்கென்று சத்தம் வர வேண்டும். மேலே நீலக் காடா உறை, 60 ரூபாய். வெள்ளை நூல் நீலத்தின் மேல் தெளிவாகத் தெரியும், கண் வலிக்காது.

கட்டைகளுக்குத்தான் நான் மிகவும் சந்தோஷப்பட்டேன். அம்பாசமுத்திரத்தில் மரச் சொப்பு கடையும் ஒருவரிடம் படம் வரைந்து காட்டினோம்: 10 செ.மீ. நீளம், பென்சில் தடிமன், மேலே நூல் சுற்றக் கழுத்து, அதற்கு மேல் நூல் நழுவாமல் ஒரு தலை. "சொப்புச் சட்டிக்கே கழுத்து எடுக்கோம், இதுக்கு என்ன" என்றார் அண்ணாச்சி. ஒரு நூலுக்கு ஒரு கட்டை என்று 28, உடைந்தால் மாற்ற நான்கு, சேர்த்து 32 கட்டை, ஒன்று 18 ரூபாய், 576. அரக்கு போட வேண்டாம் என்று சொன்னேன், வெள்ளை நூலில் நிறம் ஏறிவிடும் என்று. கழுத்தை மட்டும் இன்னொரு முறை உப்புத்தாளால் தேய்த்து வாங்குங்கள். முதல் நாள் மூன்று கட்டையில் சிராய் நூலைப் பிடித்து அறுத்தது.

நூல். தடிமனைக் கண்ணால் ஒப்பிடாதீர்கள். ஸ்கேலில் 1 செ.மீ. தூரத்துக்கு நெருக்கமாகச் சுற்றி எண்ணினால் போதும். பழைய நூல் 25 சுற்று. திருநெல்வேலி ஜங்ஷனில் முதலில் வாங்கியது 19 சுற்று. பார்க்கும்போது ஒன்றாகத்தான் இருந்தது. இரண்டாவது கடையில் 25 வந்தது, பருத்தி, நான்கு உருண்டை 180 ரூபாய். பழைய லேஸின் வெண்மை யானைத்தந்த நிறத்துக்குத் திரும்பியிருந்ததால் நூலைத் தேயிலைத் தண்ணீரில் முக்கினேன். ஒரு லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டி தூள், நான்கு நிமிடம் என்று வைத்தது அதிகம், பழுப்பாகிவிட்டது. அந்த உருண்டையை ஒதுக்கிவிட்டு ஒரு தேக்கரண்டி, ஒன்றரை நிமிடம் வைத்தேன். அதுவும் இப்போது கொஞ்சம் தூக்கல்தான். அடுத்த முறை முக்கவே மாட்டேன். பத்து முறை துவைத்தால் எதுவும் தானே பழசாகும்.

வார்ப்பு, அதாவது தலையணை மேல் வைத்து ஊசி குத்தும் இடங்களைக் காட்டும் துளை அட்டை. நன்றாக இருக்கும் பழைய லேஸ் மேல் டிரேசிங் தாள் வைத்து ஓட்டைகளைப் புள்ளியிட்டு, அதைக் கட்டத் தாளில் சீர்படுத்தினேன். கணிதம் படித்ததற்கு இங்கே பலன் இருந்தது: எல்லா மூலைவிட்டங்களும் 45 பாகை, தைக்கும் ஓரத்தில் ஊசிக்கு ஊசி 5 மி.மீ., ஓரத்தில் திரும்பத் திரும்ப வரும் விசிறி வடிவம் ஒன்று முழுதாக வர 30 மி.மீ. கட்டத் தாளை ஒரு கல்யாணப் பத்திரிகை அட்டை மேல் ஒட்டி, கார்க்கில் செருகிய ஊசியால் துளையிட்டேன். அட்டை கெட்டியாக இருப்பது அவசியம். மெல்லிய அட்டையில் இருபது முறை ஊசி ஏறி இறங்கினால் துளை கண் போல விரிந்துவிடும்.

பின்னல் இரண்டே அசைவுதான். இரண்டு ஜோடி, அதாவது நான்கு கட்டை. நடுவில் இருக்கும் இரண்டில் இடதை வலதின் மேல் போட்டால் குறுக்கு. ஒவ்வொரு ஜோடியிலும் வலதை இடதின் மேல் போட்டால் முறுக்கு. குறுக்கு, முறுக்கு, ஊசி, குறுக்கு, முறுக்கு என்றால் வலை. குறுக்கு, முறுக்கு, குறுக்கு என்றால் துணி மாதிரி நெருக்கம், விசிறி அப்படித்தான். முழு லேஸும் இதற்குள் அடங்கிவிடுகிறது. முதல் விசிறிக்கு எனக்கு நான்கு மணி நேரம் ஆனது. ஐந்தாவதுக்கு இரண்டு. பத்தாவதுக்கு மேல் ஒரு மணி பத்து நிமிடம்.

நூல் சுற்ற என் அறைத்தோழி உதவினாள். மேலப்பாளையத்துப் பெண், தாத்தா தறி நெய்தவர். ஒவ்வொரு கட்டைக்கும் ஒன்றரை மீட்டர் சுற்றினோம். விசிறிக்குள் இங்கும் அங்கும் நடக்கிற ஜோடிக்கு மட்டும் அது போதாது என்பது ஒன்பதாவது விசிறியில் நூல் தீர்ந்தபோதுதான் தெரிந்தது. அவள்தான் நெசவு முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்தாள். மிளகு அளவு கூட இல்லாத முடிச்சு. அதை விசிறியின் நெருக்கத்துக்குள் ஒளித்துவிட்டோம். அந்த ஜோடிக்கு நான்கு மீட்டர் சுற்றுங்கள்.

தலையணை நாலரைக் கிலோ, அறையில் வெளிச்சம் போதாது. சிற்றாலய வராந்தாவில்தான் குழல்விளக்கு இருந்தது. அங்கேதான் வியாழக்கிழமை மாலை ஜெபக்குழு கூடும், ஐந்தாறு பேர். செப்டம்பரில் முதல் வியாழன் அவர்கள் வந்து உட்கார்ந்ததும் எழுந்து போகப் பார்த்தேன். போக முடியவில்லை. ஒரு வரிசையின் நடுவில் 28 கட்டையும் விரிந்து கிடக்கும்போது தலையணையைத் தூக்கினால் எல்லாம் சிக்கிவிடும். வரிசையை முடிக்கும் வரை இருப்போம் என்று குனிந்துகொண்டே இருந்தேன். அவர்கள் கீர்த்தனை பாடினார்கள். சின்ன வயதில் மனப்பாடமான ராகம். கட்டைகள் அந்தத் தாளத்துக்கு விழ ஆரம்பித்ததை நான் நிறுத்தவில்லை.

யாரும் என்னிடம் எதையும் கேட்கவில்லை. இதை நான் திரும்பத் திரும்பச் சொல்ல விரும்புகிறேன். சாட்சி சொல்லச் சொல்லவில்லை, கண்ணை மூடச் சொல்லவில்லை. ஜெபம் முடிந்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஊசி எடுத்துக்கொடுத்தார்கள். அக்டோபருக்குள் மூன்று பேர் ஆளுக்கு ஒரு வரிசை போடக் கற்றுக்கொண்டார்கள். ஒரு வியாழன் ஒருத்தி முறுக்கை மாற்றிப் போட்டதைப் பார்க்காமல் நான் ஆறு வரிசை மேலே போய்விட்டேன். பிரித்தோம், இரண்டு மணி நேரம். அவள் அழுதுவிடுவாள் போல இருந்தாள். "பிரிக்கத் தெரிஞ்சாத்தான் போடத் தெரியும்" என்று எங்கள் அம்மா எனக்குச் சொன்னதை நான் அவளுக்குச் சொன்னேன்.

ஐப்பசி மழை தொடங்கிய வாரத்தில் மிக மோசமான தவறு நடந்தது. நான் போட்டிருந்தது சாதாரண இரும்புக் குண்டூசி. வராந்தாவில் சாரல். நான்கு நாள் தொடாமல் வைத்துவிட்டுத் துணியை விலக்கினால், புது லேஸில் ஊசி நின்ற இடமெல்லாம் துருப்புள்ளி. எந்தக் கறையை எடுக்க ஜூலையில் பாடுபட்டேனோ அதையே நானே போட்டுவிட்டிருந்தேன். மூன்று விசிறி நீளம். எலுமிச்சையும் உப்பும் தொட்டுத் தொட்டு எடுத்ததில் பெரும்பாலும் போயிற்று. பித்தளைக் குண்டூசி இரண்டு பெட்டி 190 ரூபாய். முதல் நாளே வாங்கியிருக்க வேண்டியது. லேஸ் வேலைக்கு இரும்பு வேண்டவே வேண்டாம்.

அன்று நான் உடைந்துபோய் உட்கார்ந்திருந்தேன். ஜெபக்குழுவில் அப்போஸ்தலர் நடபடிகள் ஒன்பதாம் அதிகாரம் வாசிப்பு. வாசிக்க வேண்டியவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. வேதாகமத்தை என் பக்கம் நீட்டினாள். ஐந்து வருடத்தில் முதல்முறையாகச் சத்தமாக வாசித்தேன். யோப்பா பட்டணத்தில் தொற்காள் இறந்துபோகிறாள். பேதுரு வந்ததும் விதவைகள் அழுதுகொண்டே நின்று, அவள் உயிரோடு இருந்தபோது செய்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் காட்டுகிறார்கள். ஞாயிறு பள்ளியில் எத்தனையோ தடவை கேட்ட கதை. அவள் உயிர்த்து எழுந்ததுதான் மனதில் நின்றிருந்தது. அந்தத் துணிகளை அவர்கள் எடுத்துக் காட்டிய இடத்தில் நான் ஒருபோதும் நின்றதில்லை. எங்கள் அம்மா அப்பாவின் நான்கு சட்டைகளை பீரோவில் வைத்திருக்கிறார். யாராவது அப்பாவைப் பற்றிக் கேட்டால் ஒன்றும் சொல்லாமல் போய் ஒன்றை எடுத்துக்கொண்டு வருவார், அவரே தைத்த சட்டை. வசனத்தை முடிக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்தவள் என் கையிலிருந்து வாங்கி மீதியை வாசித்தாள். அன்றிரவு நான் ஜெபித்தேன். வார்த்தை அதிகம் இல்லை. கோபத்தைத்தான் முதலில் சொன்னேன்.

அடுத்த வாரம் கல்லூரிக் குருவானவரிடம் போய் கல்லறை விஷயத்தை முழுதாகச் சொன்னேன். பாக்கி வைத்தது எங்கள் குற்றம்தானா என்று கேட்டேன். "இல்லம்மா. அது தப்பு. உங்களுக்குச் செஞ்சது தப்பு" என்றார். சமாதானம் சொல்லவில்லை. யாரையும் விட்டுக்கொடுக்காமல் பேசவும் முயலவில்லை. ஐந்து வருடத்தில் கோயில் ஆள் ஒருவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அப்போதுதான்.

நவம்பர் இரண்டாம் வாரம் 14 விசிறி, 42 செ.மீ. முடிந்தது. கிழிசல் 40, எனவே போதும் என்று கட்டைகளை அறுத்து எடுத்துவிட்டேன். விரிப்பில் வைத்துப் பார்த்தால் 14 செ.மீ. குறைகிறது. பழைய லேஸ் மூலையில் சுருக்கு வைத்துத் திருப்பப்பட்டிருந்தது. அந்தச் சுருக்கு மட்டும் 10 செ.மீ. விழுங்கும். இரண்டு முனையிலும் பழையதோடு ஒரு விசிறி ஏற்றி இணைக்க 3 செ.மீ. வீதம் 6. ஆக 56 வேண்டும். கணக்குப் படிக்கிறவள் நேர்கோட்டை மட்டும் அளந்துவிட்டேன். இன்னும் ஆறு விசிறி, 18 செ.மீ., புதிதாக நூல் ஏற்றிப் போட வேண்டியதாயிற்று. ஒரு வாரம் தினமும் உட்கார்ந்தோம். விரிப்பின் மேல் சுருக்கோடு ஒரு நாடாவை வைத்து அளந்துவிட்டு, அது போக ஒரு விசிறி கூடுதலாகப் போடுங்கள். கட்டைகளை விரிப்பில் வைத்துப் பார்க்கும் வரை அறுக்காதீர்கள்.

இணைப்பு: பழைய விசிறி மேல் புது விசிறியைத் துளைக்குத் துளை பொருத்தி, இரண்டு அடுக்கையும் சேர்த்து மெல்லிய நூலால் வடிவத்தின் கோட்டோடு தைத்து, பின்புறம் மிஞ்சியதைக் கத்தரித்தேன். ஓரத்தை விரிப்போடு சுற்றித் தைக்க 1 செ.மீ.க்கு ஆறு தையல். முடிந்ததும் லேசான சோப்பில் அலசி, வடிகஞ்சி தண்ணீராகக் கரைத்துப் போட்டு, பாதி ஈரத்தில் பித்தளைக் குண்டூசியால் ஒவ்வொரு விசிறி முனையையும் பலகையில் குத்திக் காயவிட்டேன். இஸ்திரி வேண்டாம், தட்டையாகிவிடும்.

அட்வெந்து ஞாயிறன்று நான் நற்கருணை எடுத்தேன். முழங்காலில் நின்றபோது இணைப்பு என் கண்ணுக்கு நேராக இருந்தது.

அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். ஆராதனை முடிந்து எல்லோரும் போன பிறகு மேசை அருகே போய், தையல்காரர்கள் செய்கிற மாதிரி விரிப்பின் ஓரத்தைப் புரட்டிப் பின்பக்கத்தைப் பார்த்தார். விரலை ஓட்டிக்கொண்டே வந்து மூலையில் நிறுத்தினார். "இங்க ரெண்டு தையல் இறுக்கமாப் போட்டிருக்க. துவைச்சா இழுக்கும்" என்றார். அவர் சொன்னது சரிதான். அதைப் பிரித்துத் தளர்த்திவிட்டேன்.

மேற்கு மூலையிலும் 6 செ.மீ. அளவுக்கு இழை விடத் தொடங்கியிருக்கிறது. வார்ப்பு இருக்கிறது, 31 கட்டை இருக்கின்றன, ஒன்று விரிசல் விட்டுவிட்டது. இந்த முறை நூலை முக்கவில்லை. வியாழக்கிழமை முதல் வரிசையை அந்த இளநிலை மாணவி போடுகிறாள்.